பாத்திரத்தில் ஓர் எழுத்து

டெம்போவிலிருந்து சாக்கு மூட்டைகளை இறக்கும்போது உள்ளே பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிய சத்தம்தான் அக்காவைப் பற்றிய என் முதல் ஞாபகம். ஆளைப் பார்த்தது அதற்கப்புறம்தான். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பென்னலூரில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் மாமனார் வரிசையாகக் கட்டிவிட்டிருந்த போர்ஷன்களில் கடைசி அறைக்கு வாடகைக்கு வந்தாள். ஊர் திருநெல்வேலிப் பக்கம். கார் கம்பெனிக்கு வயர் கட்டிக் கொடுக்கும் தொழிற்சாலையில் வேலை. வேலைக்குச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது என்றும், பழைய ரூமில் இடம் போதவில்லை என்றும் சொன்னாள். எங்கள் பக்கம் வேலைக்கு வந்த பெண்பிள்ளைகள் ஒரு வாளி, ஒரு பாய், ஒரு சூட்கேஸோடு வந்து இறங்குவார்கள். இவளோ கல்யாண வீட்டுச் சமையல்கட்டையே பெயர்த்துக்கொண்டு வந்தாற்போல வந்தாள். பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்த என் மாமியார், "இன்னாடி இது, சீர்வரிசை மட்டும் எறங்கிக்கினே கீது, புருஷன் எங்க?" என்று என் காதோடு கேட்டார். எனக்கும் அதே சந்தேகம்தான்.

நான் அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து அப்போது அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அன்றும் தெரியாது, இன்றும் தெரியாது. குடித்தனக்காரர்களோடு பேச்சு வைத்துக்கொள்ளாதே என்று மாமியார் சொல்வார். பேச்சு வைத்துக்கொள்ள வேறு யார் இருந்தார்கள் அந்த வீட்டில்? என் வீட்டுக்காரர் பேப்பரைப் பிரித்தால் மூட மாட்டார். அதனால் தண்ணீர் மோட்டார் போடுகிற சாக்கில் கடைசி அறைப் பக்கம் போய் நின்றுவிடுவேன். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள் என்பதால் அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவளும் கொஞ்ச நாள் 'நீங்க வாங்க' என்று மரியாதை கொடுத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் 'ஏட்டி' என்று இறங்கிவிட்டாள். கோபக்காரி. பக்கத்து அறைப் பெண் ஒருத்தி தாகத்துக்கு அவள் சாக்கிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்துவிட்டாள் என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே எட்டிப்பார்த்தது.

அந்த சாக்குகள் கட்டிலுக்கு அடியிலும் அலமாரிக்கு மேலுமாக அறையில் பாதி இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. பாத்திரச் சீட்டு கட்டி தீபாவளிக்குத் தீபாவளி எடுத்தவை, ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் கொடுத்தவை, ஓவர்டைம் பார்த்து ஆசைப்பட்டு வாங்கியவை. தவலை, சொம்பு, குண்டான், தட்டு, டம்ளர் என்று எல்லாம் எவர்சில்வர். அவள் சமைத்ததோ நசுங்கிப்போன ஒரு அலுமினியக் குண்டானில். சாப்பிட்டது விளிம்பு உடைந்த பிளாஸ்டிக் தட்டில். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்: "ஏன்க்கா, இத்தினி பாத்திரத்த வெச்சிக்கினு இந்தக் குண்டான்ல பொங்கித் துன்றியே, இன்னா வேண்டுதலா?"

"அதெல்லாம் வீட்டுக்குட்டி" என்றாள்.

"அப்ப இது இன்னா?"

"இது ரூமு."

அவ்வளவுதான் அவளுடைய கணக்கு. வீடு என்பது இனிமேல்தான் வரும். அதுவரை ரூம். ரூமுக்கு இது போதும். போகிப் பண்டிகைக்கு முன்னால் மட்டும் எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் துடைத்து வெயிலில் காயவைத்து, மறுபடி பழைய துணி சுற்றிக் கட்டிவிடுவாள். அப்படிக் காயவைத்த ஒரு தரம்தான் நான் குனிந்து பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பேர் வெட்டியிருந்தது. பேர் வெட்டுவதில் அதிசயமில்லை. பாத்திரக் கடையிலேயே ஒரு சின்ன மிஷினை வைத்துக்கொண்டு கிர்ரென்று புள்ளி புள்ளியாகக் குத்திக் கொடுப்பார்கள். விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப்போகாமல் இருக்க எல்லோரும் செய்வதுதான். ஆனால் அவளுடைய அப்பா பெயர் எனக்குத் தெரியும். வாடகைக்குப் பேசும்போது சொல்லியிருந்தாள். இதில் அவள் பெயருக்கு முன்னால் இருந்த எழுத்து அப்பாவுடையது அல்ல. 'செ.' என்று இருந்தது.

"இது யாருக்கா, செ?" என்றேன். கோபக்காரிக்குக் கன்னம் இரண்டும் சிவந்துபோனது. துபாயில் இருக்கும் அத்தை மகனாம். இவள் பிறந்த அன்றைக்கே பேசிவைத்ததாம். முதல் சீட்டில் தவலை எடுத்தபோது கடைக்காரர், "இனிஷியல் என்னம்மா?" என்று கேட்டிருக்கிறார். எப்படியும் மாறப்போகிற எழுத்துதானே, எதற்கு இரண்டு தரம் வெட்டுவது என்று இவள் வெட்கப்பட்டுக்கொண்டே 'செ' என்று சொல்லிவிட்டாள். முதலில் அப்படிச் சொன்னதால் அடுத்தடுத்து எல்லாவற்றிலும் அதுவே. எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் பொறாமையும் வந்தது. என் அப்பா எனக்குச் சீராகக் கொடுத்த பாத்திரங்களில் என் புருஷனின் எழுத்தை வெட்டியது கல்யாணப் பத்திரிகை அடித்ததற்கு அப்புறம்தான். அவையும் 'நல்ல நாளுக்கு ஆவட்டும்' என்று மாமியார் பரணில் ஏற்றியவை, இறங்கவே இல்லை.

அந்த வரிசையில் டெலிபோன் எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. குடித்தனக்காரர்கள் எல்லோரும் ஊரில் எங்கள் நம்பரைத்தான் கொடுத்திருந்தார்கள். போன் வந்தால் பின்கட்டுக் கதவைத் திறந்து கூப்பிடுவது என் வேலை. துபாயில் வெள்ளிக்கிழமை லீவு என்பதால் அத்தான் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிடுவார். அன்றைக்கு ஷிப்ட் விழுந்தால் யார் கையையாவது காலையாவது பிடித்து மாற்றிக்கொண்டு வந்துவிடுவாள். குளித்து, பவுடர் போட்டு, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு எங்கள் பின்வாசலில் நிற்பாள். "போன்ல பூ தெரியுமாக்கா?" என்று கிண்டல் செய்வேன். "போட்டி, வாசம் போகும்" என்பாள். வாரம் தவறாமல் வந்த போன் மாதம் ஒன்றாகக் குறைந்தபோதும் அவள் பூ வைத்துக்கொண்டு நிற்பது குறையவில்லை. மணி அடிக்காத வெள்ளிக்கிழமைகளில் அவளுக்குத் தண்ணீர் கொடுப்பதா, பேச்சுக் கொடுப்பதா என்று தெரியாமல் நான்தான் திண்டாடுவேன்.

சேதி வந்தது ஒரு செவ்வாயோ புதனோ, வெள்ளி இல்லை. அவளுடைய அம்மா பேசினாள். அக்கா ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு "சரிம்மா, சரிம்மா" என்றாள். "வச்சிருதேன்" என்று வைத்தாள். என்னைத் திரும்பிப் பார்த்து, "மோட்டார் போட்டாச்சாட்டி?" என்று கேட்டுவிட்டுப் போய், யூனிபார்ம் கோட்டை மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறிவிட்டாள். அத்தான் லீவில் ஊருக்கு வந்திருக்கிறார், வந்த கையோடு விசா எடுத்துக் கொடுத்தவருடைய மகளைப் பேசி முடித்துவிட்டார்கள் என்பது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது. பாவி மனிதன், இத்தனை நாள் பேசிய போனில் அதை ஒரு வார்த்தை அவனே சொல்லியிருக்கலாம்.

அதற்குப் பிறகு அந்த அறையில் அடுப்பு எரியவில்லை. கம்பெனி கேன்டீனில் என்ன கொடுத்தார்களோ அதுதான். வேலையிலும் கை தப்ப ஆரம்பித்தது. ஒரு கலர் வயர் போகவேண்டிய இடத்தில் இன்னொன்றைக் கட்டி அனுப்பிவிட்டாள் என்று சூப்பர்வைசர் எச்சரித்து, கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வா என்றாராம். ஊரில் எந்த முகத்தோடு போய் இறங்குவது? லீவு நாளில் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். இவள் ஏதாவது செய்துகொண்டுவிடுவாளோ என்று எனக்குப் பயம். உப்பு கேட்பதுபோல, சீப்பு கேட்பதுபோல ஜன்னலில் போய்ப் போய்ப் பார்ப்பேன். ஒருநாள் என் உபத்திரவம் தாங்காமல் கதவைத் திறந்தாள். அவனைத் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் கூடச் சேர்ந்து திட்டலாம் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் கட்டிலுக்கு அடியில் கையைக் காட்டினாள். "ஊர்ல முறைமாப்பிள்ளைக்குக் காத்துக் கெடக்க பொண்ணு எத்தனை பேரு இருக்காளுவ. எவளாவது பேரு வெட்டி வச்சாளாட்டி? நான் வெட்டியிருக்கேன் பாரு, கிறுக்கச்சி. அவரு போனதுகூடப் பரவால்ல. இதுகளைப் பாக்கப் பாக்க எனக்கு என்னையே பிடிக்கல" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் உட்கார்ந்து அழுதேன்.

இந்த நிலைமையில்தான் அவளுடைய அம்மா ஊரிலிருந்து வந்தாள், ஒரு வரனையும் கையோடு கொண்டுவந்தாள். மாப்பிள்ளை அம்பத்தூரில் வேலை பார்க்கிறார், முதல் சம்சாரம் இறந்துவிட்டது, பிள்ளை இல்லை, தங்கமான மனிதர், அடுத்த ஞாயிற்றுக்கிழமை இங்கேயே வந்து பார்ப்பார்கள் என்றாள். அக்கா வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அம்மாவுக்கு ஒரே கவலை அந்த சாக்குகள்தான். "இதையெல்லாம் மொதல்ல கடையில போட்டு மாத்திட்டு வா. அவிய கண்ணுல பட்டுச்சுன்னா குடி முழுகிரும்" என்று நிலையாய் நின்றாள். துணைக்கு என்னையும் அனுப்பினார்கள். இரண்டு பேரும் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெருவுக்குப் போனோம். வெயில் மண்டையைப் பிளந்தது.

கடைக்காரர் ஒரு சொம்பை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பேரை மட்டும் அழித்துத் தர முடியுமா என்று நான்தான் கேட்டேன். பாலிஷ் சக்கரத்தில் பிடித்து அந்த ஓர் எழுத்தைத் தேய்த்துக் காட்டினார். எழுத்து போனது. போன இடம் பள்ளமாகி, வேறு நிறத்தில் இளித்தது. "தடவினா தெரியத்தாம்மா செய்யும். பேசாம எடைக்குப் போட்டுட்டு வேற எடுத்துக்கினு போங்க. இது எல்லாம் உருக்கத்தான் போவுது" என்று, சீட்டில் முதலில் எடுத்த அந்தத் தவலையைத் தூக்கித் தராசுத் தட்டில் போட்டார். அவருக்குப் பின்னால் எடைக்கு வந்த பழைய பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. ஒன்று விடாமல் எல்லாவற்றிலும் யார் யாருடைய பேரோ. அக்கா அந்தக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணே, இறக்குங்க" என்றாள்.

"இன்னாம்மா?"

"தவலையை இறக்குங்க. நான் குடுக்கல."

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். தூக்கி வந்த தோள்பட்டை விண்ணென்று வலிக்கிறது, அதே மூட்டையை மறுபடி கட்டச் சொல்கிறாள். "உனுக்கு இன்னா பைத்தியமாக்கா?" என்று ரோட்டிலேயே கத்தினேன். அவள் என்னைக் கரும்புச்சாறு வண்டி நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கிளாஸ் வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் சொன்னாள்: "முன்னால இருக்க அந்த ஒரு எழுத்துதானட்டி அவருக்கு? பொறவு இருக்கது பூரா என் பேருல்லா? அந்த ஒண்ணுக்காக என்னையும் சேத்து உருக்கச் சொல்லுதாவ." மூட்டையின் முடிச்சை இறுக்கிக்கொண்டே, "காத்துக் கெடந்தவளும் நான்தான். அவ கிறுக்கச்சியாவே இருக்கட்டும். அவளைக் கொண்டுபோயி எந்தத் தராசுல போட?" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் அழவில்லை. நான் கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒரு மூட்டையைத் தூக்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "வாரவங்க வரட்டும். ஆனா இந்த டம்ளர்லதான் காப்பி. என்ன எழுத்துன்னு கேட்டா மறைக்க மாட்டேன்." அம்மா அழுதாள், சண்டை போட்டாள், கடைசியில் பயந்துபோய் எங்கள் போனிலிருந்தே அம்பத்தூருக்குப் பேசி, பெண்ணுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வரனை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். "ராசியில்லாத பாத்திரம், வூட்டாண்டயே வெச்சிக்கக் கூடாது" என்றார் என் மாமியார். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா சாக்கைப் பிரித்தாள். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். அவற்றில் ஒரு குண்டானை அடுப்பில் ஏற்றிச் சோறு வடித்தாள். புதுப் பாத்திரத்தின் பக்குவம் தெரியாமல் அடி பிடித்துவிட்டது. தீய்ந்த வாசனையோடு அந்தச் சோற்றைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம். இது ரூமா வீடா என்று நான் கேட்கவில்லை. எனக்கும் சில நேரம் வாயை மூடத் தெரியும்.

அன்றோடு அவள் மனசு தெளிந்துவிட்டது என்று எழுதினால் அது பச்சைப் பொய். ரொம்ப நாள்வரை அந்த எழுத்து தன் பக்கம் வராதபடி தட்டைத் திருப்பி வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாள். அத்தானின் கல்யாணத்தன்று கேட்டு வாங்கி ஓவர்டைம் பார்த்தாள். ஒரு பொங்கலன்று ஒன்றுமில்லாத விஷயத்துக்குக் கரண்டியைத் தூக்கிச் சுவரில் எறிந்தாள். ஆனால் பாத்திரங்கள் வெளியே வந்துவிட்டனவே, அவை சும்மா இருக்குமா? பக்கத்து அறைப் பெண்ணின் வளைகாப்புக்குத் தவலை போனது. தெருவில் ஒரு சாவு வீட்டுக்குக் குண்டான் போனது. முன்பு ஒரு டம்ளருக்குத் தெருவைக் கூட்டியவள், யார் கேட்டாலும் எடுத்துக்கொள் என்று சுவரோர அடுக்குப் பக்கம் கையைக் காட்டினாள். நசுங்கி வந்தால் நசுங்கியதை அடுக்கினாள். ஒரு தரம் யாரோ சொம்பை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், முன்பின் தெரியாத ஒருத்தியின் பெயரோடு அது வந்து சேர்ந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வரட்டுமா என்றேன். "இருந்துட்டுப் போறாட்டி, அவளும் நம்மளோட" என்று அதில் தண்ணீர் பிடித்து வைத்தாள். அந்த வாரம்தான் நான் பரணில் ஏறி அப்பா கொடுத்த பாத்திரங்களை இறக்கினேன். மாமியார் குதித்தார். "நல்ல நாளு எப்ப அத்தே வரும்? எனுக்கு இன்னிக்கே நல்ல நாளுதான்" என்று அரிசியைக் களைந்து போட்டேன்.

இப்போது அந்த போர்ஷன்கள் இல்லை. என் மகன் இடித்துவிட்டு மாடி மாடியாகக் கட்டி, கம்பெனிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறான். இறங்குகிற பிள்ளைகள் ஆளுக்கொரு டிராலிப் பையை உருட்டிக்கொண்டு வருகிறார்கள், கையில் ஆளுக்கொரு போனும் இருப்பதால் யாரும் யாரையும் கூப்பிட்டுவிட வேண்டியதில்லை. அக்கா ஒரகடம் பக்கம் சின்னதாக ஒரு வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "பண்ணல, அவ்வளவுதான்" என்கிறாள். கோபம் மட்டும் அப்படியேதான் இருக்கிறது. விசேஷங்களில் பார்த்துக்கொள்கிறோம். ஆனால் அவளை நினைத்தால் எனக்கு வருவது எங்கள் கடைசி அறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

சுங்குவார்சத்திரம் பக்கம் பெரிய பெரிய கம்பெனிகள் திறந்து, எல்லா ஊர்க்காரர்களும் சர்ட்டிபிகேட் பையோடு வந்து இறங்கிய சமயம் அது. அக்கா அப்போது கம்பெனியில் ஒரு லைனுக்கே லீடர் ஆகியிருந்தாள். நான் அவள் அறையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். தோளில் பையோடு ஒருவர் வாசலில் வந்து தயங்கி நின்றார். முன்தலை ஏறிக் களைத்துப்போன முகம். "வாங்கத்தான்" என்றாள் அக்கா. என் கையிலிருந்த மொச்சை சிதறியது. துபாய் வேலை போய்விட்டதாம். சம்சாரமும் குழந்தையும் ஊரில். இந்தப் பக்கம் ஏதாவது வேலை இருக்கிறதா பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்க வந்திருந்தார். எந்தக் காண்டிராக்டரைப் பார்க்க வேண்டும், எந்தக் கேட்டில் காலையில் போய் நின்றால் ஆள் எடுப்பார்கள் என்று நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். பையனுக்கு என்ன வயசு, பள்ளிக்கூடம் போகிறானா என்று விசாரித்தாள். பிறகு, "சாப்பிட்டுப் போங்க" என்று கைக்கு வந்த தட்டை எடுத்து அவருக்கு முன்னால் வைத்தாள்.

தட்டின் விளிம்பில் அந்த எழுத்து அவரைப் பார்த்தபடி இருந்தது. "அக்கா, எல போட்டுடலாமா? நான் போயி அறுத்துக்கினு வரேன்" என்று எழுந்தேன். கண்ணைக் காட்டினேன். அவளுக்குப் புரியவில்லை. "சோறு ஆறிரும், நீ உக்காரு" என்று கத்திரிக்காய்ப் புளிக்குழம்பை ஊற்றினாள். அவர் பிசைந்து இரண்டு வாய் சாப்பிட்டார். மூன்றாவது கவளத்துக்குக் குனிந்தபோது கண்ணில் பட்டுவிட்டது. முதலில் தன் எழுத்தைப் பார்த்தார். அப்புறம் பக்கத்தில் அவள் பெயரை. நிமிர்ந்து டம்ளரைப் பார்த்தார், குழம்புச் சட்டியைப் பார்த்தார், சுவரோரம் அடுக்கியிருந்த எல்லாவற்றையும் பார்த்தார். சோறு எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

சட்டென்று அக்காவின் முகத்தைப் பார்த்தேன். நானாக இருந்தால் அந்தத் தட்டைத் தேடி எடுத்து, தேய்த்துப் பளபளவென்று ஆக்கி வைத்திருப்பேன். அப்படி ஏதாவது அவள் முகத்தில் இருக்கிறதா என்று தேடினேன். அவள் நின்றுபோன அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் கரண்டியோடு, சமைத்தவளுக்கு வருகிற கவலையோடு.

"என்னத்தான், கொழம்பு ஒறைக்கா? இருங்க, மோரு கொண்டாரேன்" என்று எழுந்து போனாள்.